எச்.ஐ.வி பத்தி நம்ம ஆளுங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் என்னோட பதிலும்

அரசு ஆஸ்பத்திரில எச்.ஐ.வி டெஸ்ட் பண்ற நம்பிக்கை மையத்துல கவுன்சலிங் வேலை பார்த்தவ நான். வாட்ஸ்அப்ல, போன்ல, கல்யாண வீட்டு ஓரத்துல கூப்பிட்டுன்னு இந்தக் கேள்விங்க இன்னமும் வந்துகிட்டே இருக்கு, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், உங்களுக்கு எது வேணுமோ அதை மட்டும் படிச்சாலும் போதும்.

அக்கா, எய்ட்ஸ் எல்லாம் அந்தக் காலத்துக் கதைதானே? இப்ப யாருக்கு வருது?

இல்லப்பா. விளம்பரம் குறைஞ்சிடுச்சு, நோய் போகல. 2023 கணக்குப்படி இந்தியாவுல 25 லட்சத்துக்கும் மேல பேர் எச்.ஐ.வியோட வாழ்றாங்க, அந்த ஒரு வருஷத்துல மட்டும் புதுசா தொத்துனது சுமார் 68 ஆயிரம் பேருக்கு. 2010-ஓட பார்த்தா புதுத் தொற்று 44 சதவீதம் குறைஞ்சிருக்கு, அது பெரிய வெற்றிதான், நான் இல்லேங்கல. ஆனா "புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா"ன்னு ஊரெல்லாம் போர்டு வச்சப்ப பொறக்காத பசங்க இன்னைக்கு காலேஜ்ல இருக்காங்க, அவங்ககிட்ட இதைப் பத்தி யாரும் பேசுறதில்ல. வீட்லயும் கிடையாது, ஸ்கூல்லயும் அந்தப் பாடம் வந்தா டீச்சர் "நீங்களே படிச்சுக்கோங்க"ன்னு பக்கத்தைத் திருப்பிடுறாங்க. எனக்கு இருக்குற பெரிய கவலை அதுதான்.

இந்தியாவுல முதல்ல சென்னையிலதான் கண்டுபிடிச்சாங்களாமே, நிஜமா?

நிஜம். 1986. சென்னை மருத்துவக் கல்லூரில மைக்ரோபயாலஜி படிச்சுகிட்டிருந்த நிர்மலாங்கிற மாணவிகிட்ட, அவங்க பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், இங்க எச்.ஐ.வி இருக்கான்னு பார்க்கச் சொல்லி ஆராய்ச்சிக்குத் தலைப்பு கொடுத்தாங்க. அப்ப எல்லாரும் என்ன நினைச்சாங்கன்னா இது அமெரிக்காக்காரனோட நோய், நம்ம ஒழுக்கத்துக்கு இதெல்லாம் இங்க வராதுன்னு. நிர்மலா, பாலியல் தொழில்ல புடிபட்டவங்களை வச்சிருந்த மயிலாப்பூர் பெண்கள் ரிமாண்ட் ஹோமுக்குப் போய் ரத்தம் எடுத்தாங்க, வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல கொண்டு விடுவாராம், எடுத்த சாம்பிளை வீட்டு ஃபிரிட்ஜ்ல வச்சிருந்தாங்களாம். அப்புறம் அதைத் தூக்கிகிட்டு வேலூர் சி.எம்.சிக்குப் போய் டெஸ்ட் பண்ணா ஆறு பேருக்கு பாசிட்டிவ். அமெரிக்காவுக்கு அனுப்பி அதை உறுதி பண்ணிட்டு, அப்போ சுகாதார மந்திரியா இருந்த எச்.வி.ஹண்டே சட்டசபையில அறிவிச்சார்.

இதுல என் மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்குற விஷயம், அந்த ஆறு பொண்ணுங்களோட கதி என்னாச்சுன்னு யாரும் பேசுறதே இல்ல. கண்டுபிடிச்சவங்களுக்குப் பேர் கிடைச்சது, நியாயம்தான், டாக்டர் சுனிதி அதுக்கப்புறம் வாழ்க்கையையே இதுக்குக் கொடுத்தவங்க, 1993-ல ஒய்.ஆர்.ஜி கேர்ங்கிற சிகிச்சை மையத்தை ஆரம்பிச்சு யாரும் தொடக்கூட மாட்டேன்னு சொன்ன நோயாளிங்களைப் பார்த்தவங்க. ஆனா முதல் நாள்லேர்ந்தே இது "அந்த மாதிரி பொம்பளைங்க" நோய்னு ஊர் மனசுல பதிஞ்சு போச்சு, அந்தக் கறை இன்னைக்கு வரைக்கும் போகல.

சரி, பாலியல் தொழில் பண்றவங்க, லாரி டிரைவருங்க, இவங்களுக்குத்தானே வரும்? குடும்பமா இருக்குற எங்களுக்கு என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகமா பதில் சொல்லிருப்பேன், அதனால இங்கயும் கொஞ்சம் விரிவாவே சொல்லிடுறேன்.

2000-ல வெளியான ஒரு ஆய்வு இருக்கு, சென்னையில சிகிச்சைக்கு வந்த 134 பொண்ணுங்களை வச்சுப் பண்ணது. அதுல பத்துல எட்டுப் பேருக்கு மேல வீட்டை மட்டும் பார்த்துக்குற குடும்பப் பொண்ணுங்க, வாழ்க்கையில ஒரே ஒருத்தரோட மட்டும் உறவு வச்சவங்க. அதாவது கட்டுன புருஷன்கிட்டேர்ந்து வந்தது. அவங்க என்ன தப்பு பண்ணாங்க? தாலி கட்டிகிட்டது ஒண்ணுதான். புருஷன் செத்தப்புறம் "நீதான் அவனைக் கொன்னுட்டே"ன்னு மாமியார் வீட்ல வெளிய தள்ளுன கதை ஒண்ணு ரெண்டு இல்ல. நாமக்கல் பொண்ணு கௌசல்யா இப்படிக் கல்யாணத்துல தொற்று வந்தவங்க, முகத்தை மறைக்காம வெளிய வந்து பேசி 1998-ல எச்.ஐ.வி இருக்குற பொண்ணுங்களுக்குன்னு பாசிட்டிவ் பெண்கள் நெட்வொர்க் ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்துல அதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, நம்ம மாநிலத்துல எல்லாரும் ஒரே மாதிரி ஆளுங்க கிடையாது. நாமக்கல் லாரி டிரைவர் வாரக்கணக்குல வீட்டை விட்டு ரோட்டுல இருப்பார். கடலுக்குப் போற மீனவர் கரைக்கு வந்தா கையில மொத்தமா காசு இருக்கும். திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு ஒடிசா, பீகார்லேர்ந்து வந்த பையனுக்குத் தமிழே தெரியாது, நம்ம தமிழ் போஸ்டரை அவன் எப்படிப் படிப்பான்? திருநங்கைங்களுக்கு ஜமாத்துல, அதாவது அவங்க சமூகக் குழுவுல, பெரியவங்க சொன்னாத்தான் சொல், வெளியாள் போய் லெக்சர் அடிச்சா நடக்காது, அதனாலதான் கூவாகம் திருவிழாவுக்கு எல்லாரும் கூடுறப்ப அங்கயே முகாம் போடுறாங்க, அவங்க ஆளுங்களையே வச்சுப் பேச வைக்கிறாங்க. ஆம்பளையோட உறவு வச்சிருக்குற ஆம்பளைங்கள்ல நிறைய பேருக்கு வீட்டுக் கட்டாயத்துல கல்யாணமே ஆகியிருக்கும், 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, அந்த உறவைக் குத்தம்னு சொன்ன 377-வது சட்டப்பிரிவுல இருந்து அவங்களை விடுவிக்கிற வரைக்கும் டெஸ்டுக்கு வந்தா போலீஸ் புடிக்குமோன்னு பயந்தவங்க அவங்க. ஊசில போதை ஏத்துறவங்க வடசென்னை மாதிரி இடங்கள்ல இருக்காங்க, அவங்களுக்கு ஆணுறையைப் பத்தி மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம், புது ஊசி கிடைக்கணும்ல.

எல்லாருக்கும் சேர்த்து ஒரே பேச்சு, ஒரே நோட்டீசுன்னு போனா யாருக்குமே போய்ச் சேராது. தமிழ்நாடு ஜெயிச்சதே இதைப் புரிஞ்சுகிட்டதாலதான்னு நான் நம்புறேன். 1994-லயே நாட்டுல முதல் மாநிலமா எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்குன்னு தனிச் சங்கம் வச்சாங்க, அரசு ஆபீஸ் ஃபைலுக்குள்ள மாட்டாம வேலை ஓடுச்சு. பாலியல் தொழில் பண்ற அக்காங்களையே கூட்டாளியா சேர்த்து, அவங்களே மத்தவங்களுக்கு ஆணுறை கொடுத்து சொல்லிக் கொடுக்க வச்சாங்க. 2000 வாக்குல கர்ப்பிணிங்களுக்குப் பண்ண டெஸ்ட்ல நூத்துக்கு ஒருத்தருக்கு மேல பாசிட்டிவ் வந்த மாநிலம் இது, அங்கிருந்து இவ்ளோ இறங்கி வந்திருக்கோம்.

வடகிழக்குல மட்டும் ஏன் இவ்ளோ அதிகம்?

அதே 2023 கணக்குல, பெரியவங்கள்ல எச்.ஐ.வி இருக்குறவங்க நாட்டு சராசரி 0.2 சதவீதம். மிசோரம்ல 2.7 கிட்ட, நாகாலாந்துல ஒண்ணுக்கு மேல. மணிப்பூர்ல 1990 வாக்குலயே ஊசி போதை எடுக்குறவங்ககிட்ட இது வேகமா பரவுச்சு, பக்கத்துலயே மியான்மர் எல்லை, ஹெராயின் சல்லிசா கிடைக்கும், ஒரே ஊசியை நாலு பேர் போட்டுப்பாங்க. அங்கேர்ந்து அவங்க மனைவிங்களுக்குப் போச்சு. அதனால அங்க வேலையே வேற மாதிரி: புது ஊசி கொடுக்குறது, போதைக்குப் பதிலா டாக்டர் மேற்பார்வையில மாத்து மருந்து கொடுக்குறது. நம்மூர்ல இதைக் கேட்டா "போதைக்காரனுக்கு அரசாங்கமே ஊசி கொடுக்குதா"ன்னு கோவப்படுவாங்க. ஊசி கொடுக்காட்டி அவன் போதையை விட்ருவானா? பழைய ஊசியைத்தான் தேடுவான்.

எப்படியெல்லாம் பரவும், எப்படி பரவாது?

பாதுகாப்பில்லாத உடலுறவு, பாதிச்ச ரத்தம், பகிர்ந்துகிட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. அவ்ளோதான். கொசு, எச்சில், ஒரே தட்டு, ஒரே பாத்ரூம், கட்டிப்புடிக்கிறது, இருமல் எதுலயும் வராது. சலூன் பிளேடு பத்திக் கேப்பீங்க, அதுல எச்.ஐ.வி வர்ற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி, இருந்தாலும் புது பிளேடு போடச் சொல்லுங்க, மஞ்சள் காமாலைக்காகவாவது.

டெஸ்ட் எங்க எடுக்குறது? வெளிய தெரிஞ்சிடுமா?

அரசு ஆஸ்பத்திரில நம்பிக்கை மையம்னு போர்டு இருக்கும், நிறைய ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் எடுக்குறாங்க. காசு கிடையாது. முதல்ல கவுன்சலர் பேசுவாங்க, நீங்க சம்மதிச்சாத்தான் ரத்தம் எடுப்பாங்க. முதல் டெஸ்ட்ல பாசிட்டிவ் மாதிரி தெரிஞ்சா வேற வேற முறையில மூணு டெஸ்ட் வரைக்கும் பார்த்துட்டுத்தான் சொல்வாங்க, அதனால தனியார் லேப்ல ஒரே ஒரு ஸ்ட்ரிப்பைப் பார்த்துட்டு உயிரை விட்டுடாதீங்க, தயவுசெஞ்சு. ரிசல்ட்டை உங்ககிட்ட மட்டும்தான் தனியா சொல்வாங்க.

எப்ப எடுக்கணும்ங்கிறது முக்கியம். நேத்து உறவு வச்சுட்டு இன்னைக்கு டெஸ்ட் பண்ணா நெகட்டிவ்தான் காட்டும், உடம்புல அடையாளம் தெரியவே நாள் ஆகும். சாதாரண ரேபிட் டெஸ்டுன்னா மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை பார்த்துட்டாத்தான் நிம்மதி. நடுவுல ஒரு தடவை எடுத்துக்கலாம், ஆனா அதோட நின்னுடாதீங்க.

உள்ளூர்ல தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்கன்னு பயமா இருந்தா பக்கத்து மாவட்டத்துக்குப் போய் எடுங்க. நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

அக்கா நேத்து நைட்டு ஆணுறை கிழிஞ்சிடுச்சு, தூக்கமே வரல, என்ன பண்றது?

இதைப் படிச்சுகிட்டிருக்காம முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பெப்னு ஒரு மருந்து இருக்கு, தொற்று உடம்புல புடிக்கிறதுக்கு முன்னாடியே தடுக்குறது. 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, முதல் சில மணி நேரத்துலன்னா இன்னும் நல்லது. 28 நாள் விடாம சாப்பிடணும். நர்ஸுங்களுக்கு ஊசி குத்திட்டாலும், பாலியல் வன்முறைக்கு ஆளானவங்களுக்கும் அரசு ஆஸ்பத்திரியில இது கொடுப்பாங்க. மத்தவங்களும் டாக்டரைப் பார்த்து ஆபத்து எவ்ளோன்னு கேட்டு முடிவு பண்ணலாம், எங்கயாவது "அதெல்லாம் இங்க இல்ல"ன்னு சொன்னா எச்.ஐ.விக்கு மருந்து கொடுக்குற ஏஆர்டி மையம் எங்க இருக்குன்னு கேட்டு நேரா அங்க போங்க, நாளைக்குப் பார்க்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க.

அடிக்கடி ஆபத்துக்கு ஆளாகுற வாழ்க்கையா இருந்தா முன்கூட்டியே சாப்பிடுற பிரெப் மாத்திரையும் உண்டு, தனியார்ல டாக்டர் சீட்டோட வாங்கலாம்.

பாசிட்டிவ்னு சொல்லிட்டாங்க. இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன்?

மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா மத்தவங்க மாதிரியே பேரன் பேத்தி பார்க்குற வரைக்கும் இருக்கலாம். இது ஆறுதலுக்குச் சொல்றதில்ல.

முன்னாடி நிலைமை வேற. மருந்து இருந்துச்சு, ஆனா ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு பத்தாயிரம் டாலருக்கு மேல, நம்மால முடியுமா? 2001-ல சிப்ளா கம்பெனியோட யூசுப் ஹமீது மூணு மருந்துக் கூட்டை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர்றேன்னு சொன்னார், உலகமே திரும்பிப் பார்த்துச்சு, ஆப்பிரிக்காவுலயும் நம்ம நாட்டுலயும் லட்சக்கணக்கானவங்க இன்னைக்கு உயிரோட இருக்காங்கன்னா அதுக்கு இதுவும் ஒரு காரணம். 2004 ஏப்ரல்ல இந்திய அரசு இலவசமா கொடுக்க ஆரம்பிச்சப்ப தாம்பரம் சானடோரியமும் முதல் மையங்கள்ல ஒண்ணு. அது 1928-ல காசநோய்க்குன்னு கட்டுன ஆஸ்பத்திரி, வேற எங்கயும் சேர்த்துக்காத எச்.ஐ.வி நோயாளிங்க ஆந்திராவுலேர்ந்துகூட அங்க வந்து படுத்தாங்க. அப்பல்லாம் ரத்தத்துல சிடி4, அதாவது நோயை எதிர்க்குற செல்லுங்க, எண்ணிக்கை ரொம்ப இறங்குனாத்தான் மருந்து. 2017-லேர்ந்து அந்தக் கணக்கே இல்ல, பாசிட்டிவ்னு தெரிஞ்சதும் மருந்துதான். இப்ப கொடுக்குறது பெரும்பாலும் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூணும் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒண்ணு.

இதுல நிறைய பேருக்குச் சொல்லாம விட்டுடுற ஒரு விஷயம்: சத்து மாத்திரை, அதான் இரும்பு, கால்சியம், அப்புறம் அசிடிட்டிக்குக் குடிக்கிற மருந்து, இதையெல்லாம் இந்த மாத்திரையோட சேர்த்து போட்டா இது சரியா உடம்புல சேராது. இதைப் போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு அதைச் சாப்பிடுங்க. காசநோய் மருந்து எடுத்தா டாக்டர் டோஸை மாத்துவாங்க, அதனால எதையும் மறைக்காம சொல்லுங்க. எச்.ஐ.வி இருக்குறவங்களை அதிகமா கொல்றது காசநோய்தான், ரெண்டு வாரமா இருமல், ராத்திரி வேர்வை, எடை குறையுதுன்னா அன்னைக்கே போய்க் காட்டணும்.

மூலிகை மருந்துல முழுசா குணமாகும்னு யூடியூப்ல சொல்றாங்களே?

ஆகாது. சித்த மருந்து உடம்புத் தெம்புக்கு எடுக்கணும்னு ஆசைப்பட்டா டாக்டர்கிட்ட சொல்லிட்டு எடுங்க, ஆனா ஏஆர்டி மையத்துல கொடுக்குற கூட்டு மருந்தை நிறுத்திட்டு ஒரு லட்சம் ரெண்டு லட்சம்னு கட்டாதீங்க. மாத்திரையை நிறுத்துனா கிருமி திரும்ப வளரும், அதுவும் அந்த மருந்துக்கு அடங்காத மாதிரி வளர்ந்து வந்து நிக்கும். நல்லா இருந்தவங்க இப்படி விளம்பரத்தை நம்பி நிறுத்திட்டு, எலும்பும் தோலுமா திரும்பி வந்ததைப் பார்க்குறப்ப வர்ற கோவம் எனக்கு இன்னமும் அடங்கல.

கல்யாணம் பண்ணிக்கலாமா? குழந்தை பெத்துக்கலாமா?

ரெண்டும் முடியும். மருந்தை விடாம சாப்பிட்டு ரத்தத்துல வைரஸ் அளவு டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் குறைஞ்சு, அப்படியே இருந்தா, உடலுறவு மூலமா துணைக்குப் பரவாது. பல நாட்டுல ஆயிரக்கணக்கான ஜோடிங்களை வருஷக்கணக்கா கவனிச்சு உறுதி பண்ண விஷயம் இது. நம்ம நெட்வொர்க் ஆளுங்க பலருக்கே இது தெரியாம, "என்னைத் தொட்டா உனக்கு வந்துடும்"னு பொண்டாட்டியைத் தள்ளி வச்சே வாழ்றவங்க இருக்காங்க. ஆனா துணைக்கு விஷயத்தைச் சொல்லிட்டுத்தான் கல்யாணம், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. பாசிட்டிவா இருக்குறவங்களுக்குள்ளயே வரன் பார்த்துக் கொடுக்குற அமைப்புங்களும் இருக்கு.

கர்ப்பமா இருக்கீங்கன்னா முதல் செக்கப்லயே டெஸ்ட் எடுத்துடுங்க. ஒண்ணுமே பண்ணாம விட்டா குழந்தைக்குப் போற வாய்ப்பு நூத்துக்கு 15-லேர்ந்து 45 வரைக்கும், அம்மா மாத்திரை சாப்பிட்டு குழந்தைக்கும் பொறந்ததும் சிரப் கொடுத்தா அஞ்சுக்கும் கீழ. தாய்ப்பால் கொடுக்கலாம், அம்மா மருந்தை விடாம சாப்பிடணும், முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான், பசும்பால் பாதி தாய்ப்பால் பாதின்னு கலக்கக் கூடாது. ஆறு வாரத்துல குழந்தைக்கு முதல் டெஸ்ட். பக்கத்துல இலங்கை 2019-லயே தாய்-சேய் தொற்றை ஒழிச்சாச்சுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட சான்று வாங்கிடுச்சு, நம்மால முடியாதா என்ன.

ரத்தம் ஏத்துனா வந்துடுமோன்னு பயமா இருக்கு.

எல்லா ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணித்தான் ஏத்தணும்னு சட்டம், பண்றாங்க. ஆனா 2018 டிசம்பர்ல விருதுநகர் மாவட்டத்துல ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி இருந்த ரத்தத்தை ஏத்திட்டாங்க, ஞாபகம் இருக்கும். ரத்தம் கொடுத்த பையனுக்கே தனக்கு இருக்குன்னு தெரியாது, வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போய்த் தெரிஞ்சதும் அவனாவே ஓடி வந்து "அந்த ரத்தத்தை யாருக்கும் ஏத்தாதீங்க"ன்னு சொன்னான். அதுக்குள்ள ஏத்தியாச்சு. கடைசியில அவன் விஷம் குடிச்சு செத்தே போனான். அந்தம்மாவுக்கு நடந்தது மன்னிக்க முடியாதது, அந்தப் பையனுக்கு நடந்ததும் அப்படித்தான். அவனுக்கு முன்னாடியே ஒருத்தர் கூப்பிட்டு பக்குவமா சொல்லியிருந்தா ரெண்டு பேர் வாழ்க்கையும் தப்பிச்சிருக்கும்.

வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க / வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க / ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ண மாட்டேங்குறாங்க. என்ன பண்ண முடியும்?

2017-ல எச்.ஐ.வி எய்ட்ஸ் சட்டம் போட்டாங்க, 2018 செப்டம்பர் 10-லேர்ந்து நடைமுறையில இருக்கு. வேலை, வீடு, படிப்பு, வைத்தியம் எதுலயும் பாரபட்சம் காட்டக் கூடாது. வேலைக்குச் சேர டெஸ்ட் கட்டாயம்னு சொல்லக் கூடாது. உங்க சம்மதம் இல்லாம உங்க நிலைமையை யார்கிட்டயும் சொல்லக் கூடாது, படுக்கைக்கு மேல போர்டு மாட்டுறதெல்லாம் குத்தம். நூறு பேரோ அதுக்கு மேலயோ இருக்குற நிறுவனத்துல, ஆஸ்பத்திரின்னா இருபது பேர் இருந்தாலே, புகாரைக் கேக்க ஒரு அதிகாரி இருக்கணும். மாநில அளவுல குறைதீர்ப்பாளர்கிட்டயும் போகலாம்.

சட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா புகார் கொடுக்கப் போனாலே ஊருக்குத் தெரிஞ்சிடுமேன்னு பெரும்பாலானவங்க வாயை மூடிகிட்டு வந்துடுறாங்க, அதனால தனியா போகாதீங்க, உங்க மாவட்டத்து பாசிட்டிவ் நெட்வொர்க் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போங்க. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா வக்கீலும் கிடைப்பாங்க.

எங்க தம்பிக்கு இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சது. வீட்ல எப்படி நடந்துக்குறது?

தட்டு டம்ளரைத் தனியா வைக்காதீங்க. "எப்படி வந்துச்சு, யார்கிட்ட போனே"ன்னு கேக்காதீங்க, அவன் சொல்லணும்னு நினைச்சா சொல்வான். மாத்திரை நேரத்துக்கு அலாரம் வச்சுக் கொடுங்க, ஏஆர்டி மையத்துக்கு முதல் தடவை போறப்ப கூட யாராவது போங்க, அந்த வரிசையில முதல் நாள் தனியா நிக்கிறது ரொம்பக் கொடுமை. அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தா அவன் மனைவிக்கும் குழந்தைங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும், அதைச் சொல்ல கவுன்சலர் உதவுவாங்க, நீங்களே போய் அந்தப் பொண்ணுகிட்ட போட்டு உடைக்காதீங்க. சொந்தக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

வேற ஊருக்கு வேலைக்குப் போறேன், மாத்திரைக்கு என்ன பண்றது?

போறதுக்கு முன்னாடியே உங்க மையத்துல சொல்லி டிரான்ஸ்ஃபர் எழுதி வாங்கிக்கோங்க, நாட்டுல எந்த ஏஆர்டி மையத்துலயும் தொடரலாம், உங்க சிகிச்சைப் புத்தகத்தைக் கையோட எடுத்துட்டுப் போங்க. கொஞ்ச நாள்தான்னா முன்கூட்டியே கேட்டா சேர்த்து மாத்திரை கொடுப்பாங்க. வடக்கேயிருந்து இங்க வேலைக்கு வந்தவங்களுக்கும் இதேதான், உங்க கம்பெனியில அப்படி யாராவது பயந்துகிட்டு இருந்தா இதைச் சொல்லுங்க, ஆதார் அட்ரஸ் வேற ஊர்லன்னு மருந்து இல்லாம இருக்க வேண்டாம்.

யார்கிட்டயும் நேர்ல பேச முடியாது. போன்ல கேக்கலாமா?

1097. காசு ஆகாது, பேர் சொல்லணும்னு அவசியமில்ல, தமிழ்லயே பேசலாம். பக்கத்துல நம்பிக்கை மையம், ஏஆர்டி மையம் எங்க இருக்குன்னும் அவங்களே சொல்வாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராம கூகுள்ல அறிகுறி தேடிகிட்டு இருக்குறதை விட்டுட்டு இந்த நம்பருக்குப் போடுங்க.